விளம்பரம் வந்தா மட்டும் போன் ஏன் அலறுது? உங்க வால்யூமை உண்மையில் யார் வைக்கிறாங்க?

ராத்திரி பதினொன்றரை மணி. செங்கல்பட்டில் எங்க வீட்டு ஹாலில்தான் எல்லாரும் வரிசையா படுப்போம். இயர்பட்ஸில் சார்ஜ் இல்லை. போனை தலையணைக்குப் பக்கத்தில் வச்சு, சத்தத்தை நல்லா குறைச்சு ஒரு படம் பார்த்துட்டு இருந்தேன். சமையலறையில் அம்மாவும் மகனும் மெதுவா பேசிக்கிற காட்சி. ஒரு வார்த்தையும் கேட்கலை. வால்யூமை ரெண்டு மூணு தடவை ஏத்தினேன். இப்போ கேட்குது. அந்த அம்மா முக்கியமான எதையோ சொல்ல வாயைத் திறக்கிறாங்க...

டமால்னு ஒரு சோப்பு விளம்பரம்!

அக்காவோட எட்டு மாசக் குழந்தை வீறிட்டு எழுந்துடுச்சு. அதைத் தூங்க வைக்க அக்கா ஒரு மணி நேரம் போராடியிருந்தா. அப்போ அவ என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இது உங்க வீட்டிலும் நடந்திருக்கும். குழந்தைக்குப் பதிலா தாத்தா எழுந்திருப்பார், இல்லைன்னா ஹாஸ்டல் ரூம்மேட் தலையணையைத் தூக்கி எறிஞ்சிருப்பான். நம்ம எல்லாரும் ஒரு கை ரிமோட்லயும் ஒரு கண் படத்துலயும் வச்சுட்டே படம் பார்க்கப் பழகிட்டோம். பேசும்போது ஏத்து, சண்டையில் குறை, விளம்பரம் வந்தா மியூட் பண்ணு. இதுதான் இயல்புன்னே நினைச்சுக்கிட்டோம்.

ஆனா இந்தச் சத்தத்தைத் தானா சமன் செய்யுற தொழில்நுட்பம் ரொம்ப வருஷமா இருக்கு. அப்புறமும் ஏன் இந்த அலறல்?

ஒரு குழந்தையின் தூக்கம், ஒரு சட்டம்

என் அக்கா வீட்டில் நடந்த அதே கதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் நடந்திருக்கு. அங்கே ஒரு மாநில செனட்டரிடம் வேலை பார்த்தவருக்குக் கைக்குழந்தை. கஷ்டப்பட்டுத் தூங்க வச்ச குழந்தையை ஸ்ட்ரீமிங் விளம்பரத்தின் சத்தம் எழுப்பிவிட்டிருக்கு. அந்த அனுபவத்திலிருந்து ஒரு மசோதாவே பிறந்தது. 2025 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் அதில் கையெழுத்துப் போட்டார். படமோ தொடரோ எந்த அளவு சத்தத்தில் ஓடுதோ, அதைவிட அதிக சத்தத்தில் ஸ்ட்ரீமிங் தளங்கள் விளம்பரம் போடக் கூடாது. சட்டம் அமலுக்கு வரும் தேதி 2026 ஜூலை 1.

டிவிக்கு இந்தக் கட்டுப்பாடு அங்கே முன்னாடியே வந்துடுச்சு. 2010 டிசம்பரில் 'காம் ஆக்ட்'னு ஒரு சட்டம் போட்டு, 2012 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தினாங்க. அது டிவி ஒளிபரப்பு, கேபிள், சாட்டிலைட்டுக்கு மட்டும்தான். அந்த நேரத்தில் ஸ்ட்ரீமிங்கில் விளம்பரம் ஒரு பெரிய விஷயமாவே இல்லை. காசு கட்டினா விளம்பரம் இல்லாம பார்க்கலாம்ங்கிறதுதானே ஓடிடியின் கவர்ச்சியே!

இப்போ அப்படியில்லை. இந்தியாவில் அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17-லிருந்து சந்தா கட்டினவங்களுக்கும் விளம்பரம் காட்ட ஆரம்பிச்சது. அது வேண்டாம்னா தனியா காசு கட்டணும். டிவியில் நாம பார்த்துச் சலிச்ச பிரச்னை, சந்தா கட்டி வாங்கின திரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு.

அலை உயரம் ஒண்ணுதான், அடி வேற

"எல்லாத்துக்கும் ஒரே வால்யூம்தானே வச்சிருக்கேன், அப்புறம் விளம்பரம் மட்டும் எப்படி சத்தமா கேட்கும்?" நியாயமான கேள்விதான்.

மாமல்லபுரம் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க. மணலில் ஒரு கோடு போட்டு, அலை அதைத் தாண்டக் கூடாதுன்னு வச்சுக்கலாம். ஒரு நாள் சின்னச் சின்ன அலைகளா வருது, எப்போவாவது ஒண்ணு மட்டும் கோட்டைத் தொடுது. இன்னொரு நாள் வர்ற ஒவ்வொரு அலையும் கோடு வரைக்கும் வந்து அடிக்குது. ரெண்டு நாளும் கோட்டைத் தாண்டலை. 'அதிகபட்ச உயரம்' ஒண்ணுதான். ஆனா ரெண்டாவது நாள் உங்க செருப்பு கடலுக்குள்ள போயிருக்கும்.

படம் முதல் நாள் கடல் மாதிரி. கிசுகிசுப்பு, அமைதி, நடுவில் ஒரு வெடிச்சத்தம். விளம்பரம் ரெண்டாவது நாள் கடல். இருபது விநாடியில் உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கணும். அதனால் மெல்லிய சத்தங்களை எல்லாம் மேலே தூக்கி, உயர்ந்த சத்தங்களை அமுக்கி, ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் கோட்டை ஒட்டியே ஓடும்படி செய்யுறாங்க. இந்த வேலைக்கு ஒலித் துறையில் 'கம்ப்ரஷன்'னு பேர். பாட்டு ஆல்பங்களிலும் இதே போட்டி பல வருஷம் நடந்தது. 'லவுட்னெஸ் வார்', அதாவது சத்தப் போர்னே அதுக்குப் பேர் வந்துடுச்சு.

பழைய மீட்டர்கள் அலை கோட்டைத் தாண்டுதான்னு மட்டும்தான் பார்த்தன. அதனால் விளம்பரக்காரங்க விதியை மீறாமலேயே நம்ம காதைக் கிழிக்க முடிஞ்சது.

காது கேட்கிற மாதிரி அளக்கும் மீட்டர்

2006-ல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு புது அளவீட்டைக் கொண்டுவந்தது. பேர் 'பி.எஸ். 1770'. மனுஷக் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கேட்காது. அடித்தொனி குறைவாவும் உயர்தொனி கூர்மையாவும் விழும். அந்தக் கணக்கைச் சேர்த்து, ஒரு வீடியோ முழுக்க சராசரியா எவ்வளவு சத்தமா உணரப்படுதுன்னு இந்த முறை ஒரு எண்ணில் சொல்லும். அந்த அலகுதான் 'எல்.யூ.எஃப்.எஸ்'. பூஜ்ஜியத்துக்குக் கீழே மைனஸில் எழுதுவாங்க. மைனஸ் 14 சத்தமானது, மைனஸ் 27 அமைதியானது.

எண் கிடைச்ச பிறகு விதி போடுறது சுலபம். 2010-ல் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் மைனஸ் 23-ன்னு நிர்ணயிச்சது. அமெரிக்க டிவியில் மைனஸ் 24. நெட்ஃபிளிக்ஸ், தனக்கு வர்ற படங்களின் ஒலி, வசனத்தை அடிப்படையா வச்சு மைனஸ் 27-ல் இருக்கணும்னு கேட்குது. யூடியூப்பும் ஸ்பாட்டிஃபையும் ஏறக்குறைய மைனஸ் 14-ஐ மையமா வச்சு இயங்குது.

இப்போ ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மைனஸ் 27-ல் ஒரு படம் ஓடுது. நடுவில் மைனஸ் 14-க்குத் தயாரான ஒரு விளம்பரம் அப்படியே வந்து விழுது. வித்தியாசம் 13 டெசிபல். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியும். என் அக்கா குழந்தை எழுந்ததில் ஆச்சர்யமே இல்லை!

படம் ஒரு வழியா வருது, விளம்பரம் வேறு சர்வரிலிருந்து உங்களுக்குன்னு தேர்ந்தெடுக்கப்பட்டு அந்த நிமிஷத்தில் செருகப்படுது. பல ஏஜென்சி, பல அளவு. அதனால் கட்டுப்படுத்துறது கஷ்டம்ங்கிறதுதான் தொழில்துறை தரப்பு சொல்ற வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா நீங்க எந்த ஊர், என்ன வயசு, நேத்து என்ன தேடினீங்கன்னு பார்த்து விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிஞ்ச ஒரு சிஸ்டத்துக்கு, அந்த விளம்பரத்தின் சத்தத்தை ஒரு எண்ணா அளந்து குறைக்கத் தெரியாதுன்னா நம்புற மாதிரியா இருக்கு?

சமன் செய்வதிலும் ரெண்டு வகை

'வால்யூமைத் தானா சமன் செய்யுறது'ன்னு பொதுவா சொல்றோம். அதுக்குள்ள ரெண்டு வேற வேற வேலை இருக்கு.

முதல் வகை, முழு வீடியோவையும் அளந்து, மொத்தமா ஏத்துறது இல்லைன்னா இறக்குறது. கடற்கரையில் நீங்க நாலடி பின்னாடி தள்ளி உட்கார்ற மாதிரி. அலையின் வடிவம் மாறாது. கிசுகிசுப்புக்கும் வெடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அப்படியே இருக்கும். யூடியூப் சத்தமான வீடியோக்களை இப்படித்தான் இறக்குது. பாட்டை எவ்வளவு சத்தமா மாஸ்டர் பண்ணினாலும் அது இறக்கிடும்ங்கிறதால், சத்தப் போரில் ஜெயிக்கிறதுக்கு இங்கே பெரிசா ஒண்ணும் இல்லை.

ரெண்டாவது வகை, வீடியோவுக்குள்ளேயே மேடு பள்ளத்தை நிரவுறது. 2023 அக்டோபரில் யூடியூப் கொண்டுவந்த 'ஸ்டேபிள் வால்யூம்' இந்த வகை. டிவிகளில் இருக்கும் 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்' எல்லாம் இதோட சொந்தக்காரங்க. மெல்லிய பேச்சு மேலே வரும், வெடி கீழே போகும். பேருந்தில் செய்தி கேட்க அற்புதம். ஆனா ஒரு நல்ல படத்துக்கு இதைப் போட்டா, பத்து நிமிஷம் அமைதியா வச்சுக் கடைசியில் நம்மைத் தூக்கிப்போடுற காட்சி சாதாரணக் காட்சியா ஆகிடும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மெதுவா தொடங்கி உச்சத்துக்குப் போறது, ஒரே தட்டா தட்டுற மாதிரி ஆகிடும்.

அதனால் ஒரு விஷயத்தைத் தெளிவா பிரிச்சுப் பார்க்கணும். படத்துக்குள்ள இருக்கும் சத்த வித்தியாசம் இயக்குநரும் ஒலி வடிவமைப்பாளரும் எடுத்த முடிவு. அதை நிரவுறதா வேண்டாமாங்கிறது உங்க விருப்பம். படத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் யாரோட கலையும் இல்லை. அதை நிரவ வேண்டியது தளத்தின் கடமை. இந்த ரெண்டையும் குழப்பி, 'எல்லாம் யூசர் செட்டிங்ஸ்ல இருக்கு, நீங்களே பார்த்துக்கோங்க'ன்னு விடுறதுதான் இப்போதைய நிலை.

'கங்குவா' கற்றுக்கொடுத்த பாடம்

சத்தம் பத்தி தமிழ்நாடே பேசின நாள் ஞாபகம் இருக்கா? 2024 நவம்பர் 14. சூர்யா நடிச்ச 'கங்குவா' ரிலீஸ். முதல் காட்சி முடிஞ்சு வெளியே வந்த பலர் கதையைவிட அதிகமா பேசினது சத்தத்தைப் பத்திதான். தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா, வால்யூமை 2 பாயின்ட் குறைக்கச் சொல்லித் தியேட்டர்களிடம் கேட்டிருக்கோம்னு சொன்னார். ஆஸ்கர் வாங்கின ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி இன்ஸ்டாகிராமில் வருத்தப்பட்டு எழுதினார். நம்ம கலையே இந்தச் சத்தப் போரில் மாட்டிக்கிச்சு, தலைவலியோட வெளியே போற ரசிகர் மறுபடி பார்க்க வர மாட்டார்ங்கிறது அவர் ஆதங்கம்.

அந்த '2 பாயின்ட்' என்ன? தியேட்டர் ஒலிக் கருவியில் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரைக்கும் ஒரு அளவு இருக்கும். 7 என்பதுதான் நிர்ணய இடம். மிக்ஸிங் ஸ்டூடியோவில் படத்தைக் கலக்கும்போது இருக்கும் அதே சத்தம் தியேட்டரிலும் வரணும்னு வச்ச புள்ளி அது. 4-க்கு மேலே ஒவ்வொரு பாயின்ட்டும் ஏறக்குறைய 3.3 டெசிபல். ரெண்டு பாயின்ட் குறைச்சா ஆறு, ஏழு டெசிபல் இறங்கும். அது கணிசமான இறக்கம்தான். ஆனா வசனமும் அதே ஆறு, ஏழு டெசிபல் இறங்கும்ங்கிறதுதான் சிக்கல்!

இதில் ஒரு விஷச் சக்கரம் இருக்கு. படம் சத்தமா இருக்குன்னு தியேட்டர்காரர் குறைக்கிறார். குறைப்பாங்கன்னு தெரிஞ்சு அடுத்த படத்தை இன்னும் சத்தமா கலக்குறாங்க. தியேட்டர் இன்னும் குறைக்குது. கடைசியில் நடுவில் மாட்டிக்கிட்டது மெதுவா பேசுற வசனம்.

'கங்குவா' டிசம்பர் 8-ல் பிரைம் வீடியோவுக்கு வந்தது. வீட்டில் ரிமோட் நம்ம கையில், அதனால் மொத்தச் சத்தம் பிரச்னையில்லை. ஆனா எந்தப் படமா இருந்தாலும் சரி, வசனத்துக்கு மேல பின்னணி இசையை ஏத்திக் கலந்துட்டா, எந்த ஆட்டோமேட்டிக் வால்யூமும் அதை முழுசா பிரிச்சுக் கொடுக்க முடியாது. குழம்பில் கரைஞ்ச உப்பைத் திரும்ப எடுக்க முடியாத மாதிரி. அதனால் சமன் செய்யுற தொழில்நுட்பம் வந்துடுச்சுன்னு மிக்ஸிங்கில் அலட்சியம் காட்டினா, நஷ்டம் நமக்குத்தான்.

பரனூர் தாண்டினதும் ஏறுற வால்யூம்

இப்போ உங்க காதுக்கு வருவோம். செங்கல்பட்டிலிருந்து பீச் போற லோக்கல் ட்ரெயினில் தினமும் போறவங்களுக்கு இது புரியும். கொளவாய் ஏரியைப் பார்த்துக்கிட்டு ஏறும்போது வால்யூம் பாதியில் இருக்கும். பரனூர் தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் வசனம் காணாமப் போகும். முக்காலுக்கு ஏத்துவோம். பொத்தேரியில் காலேஜ் கூட்டம் ஏறினதும் இன்னும் கொஞ்சம். தாம்பரம் வர்றதுக்குள்ள வால்யூம் கிட்டத்தட்ட உச்சத்தில் இருக்கும். இறங்கி நடக்கும்போதுதான் காதில் ஒரு 'ங்கொய்ய்'.

நீங்க ஏத்தினது மெல்லிய வசனத்துக்காக. ஆனா அதே உயரத்தில் சண்டையும் பாட்டும் விளம்பரமும் நேரா காதுக்குள்ள இறங்குது. சத்தத்தின் மேடு பள்ளம் எவ்வளவு அதிகமோ, இரைச்சலான இடத்தில் அவ்வளவு ஆபத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேட்கலாம். 90 டெசிபல்னா வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். பத்து டெசிபல் கூடினா நேரம் பத்தில் ஒரு பங்காச் சுருங்குது. உலகத்தில் 12 முதல் 35 வயசுக்குள்ள இருக்கும் 100 கோடிக்கும் மேற்பட்டவங்க, பாதுகாப்பில்லாம கேட்கிறதால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருக்காங்கன்னும் அந்த நிறுவனம் எச்சரிக்குது. உள்காதில் சத்தத்தை உணரும் நுண்ணிய செல்கள் ஒருதடவை செத்தா மறுபடி முளைக்காது.

பெரியப்பாவின் ரிமோட்

இது என்னன்னு எனக்குப் புரிய வச்சது மாமல்லபுரத்தில் இருக்கும் என் பெரியப்பா. முப்பது வருஷத்துக்கு மேல சிற்ப வேலை. உளிச் சத்தத்தில் ஆரம்பிச்சு, பிறகு கல் அறுக்கும் மெஷின், கிரைண்டர். காதில் எதையும் மாட்டிக்கிட்டு வேலை பார்க்கும் பழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. இப்போ மெதுவான பேச்சு அவருக்குக் கேட்காது. ஆனா திடீர்னு வர்ற பெரிய சத்தம் அவருக்கு நம்மைவிட அதிகமா வலிக்குது. செவித்திறன் குறைஞ்ச பலருக்கு இப்படித்தான்.

அதனால் அவர் டிவி பார்க்கிறதே ஒரு உடற்பயிற்சி. ஏத்து, இறக்கு, ஏத்து, இறக்கு. கொஞ்ச நாளில் "நீங்க பாருங்கடா, எனக்கு எதுக்கு"ன்னு திண்ணைக்குப் போயிட்டார். போன பொங்கலுக்கு நான் போனப்போ அவர் டிவியில் 'நைட் மோட்' போட்டு, ஆடியோவை 5.1-லிருந்து ஸ்டீரியோவுக்கு மாத்தினேன். அவ்வளவுதான் செஞ்சேன். முழுசா ஒரு படம் பார்த்தார். நடுவில் ஒரு ஜோக்குக்கு எங்களுக்கு முன்னாடி அவர் சிரிச்சார். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

நமக்கு இது ஒரு வசதி. அவருக்கு வீட்டில் எல்லாரோடவும் உட்கார்றதா, திண்ணையில் தனியா உட்கார்றதாங்கிற கேள்வி. பிரைம் வீடியோ 2023-ல் 'டயலாக் பூஸ்ட்'னு ஒரு வசதியைக் கொண்டுவந்தது. வசனத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும். தேர்ந்தெடுத்த சில ஆங்கிலப் படைப்புகளில்தான் அதை ஆரம்பிச்சாங்க. என் பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு அது வேண்டியது தமிழில்.

தெருவுக்கு எண் இருக்கு, பாக்கெட்டுக்கு இல்லை

நம்ம ஊர் சட்டம் என்ன சொல்லுது? ஆடி மாசம் தெருவில் கட்டும் ஸ்பீக்கருக்கு விதி இருக்கு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு பொதுவா தடை. மீறுறாங்களா இல்லையாங்கிறது வேற கதை, எண்ணாவது இருக்கு.

கேபிள் டிவிக்கு 1994-ஆம் ஆண்டு விதிகளின் விளம்பர நெறிமுறை இருக்கு. விளம்பரம் மிகையான சத்தத்தோடு இருக்கக் கூடாதுன்னு ஏழாவது விதியில் ஒரு வரி வருது. ஆனா 'மிகை'ன்னா எவ்வளவுன்னு அந்த வரியில் ஒரு அளவு இல்லை. மீட்டர் இல்லாத ஆட்டோ மாதிரி. சண்டை போடலாம், நிரூபிக்க முடியாது.

ஓடிடிக்கு வந்தது 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள். எந்த வயசுக்காரர் எதைப் பார்க்கலாம், புகாரை எத்தனை நாளில் தீர்க்கணும்னெல்லாம் அதில் இருக்கு. விளம்பரச் சத்தத்துக்கு ஒரு அளவு இல்லை. ஆனா மாற்றுத்திறனாளிகள் பார்க்கவும் கேட்கவும் ஏத்த மாதிரி வசதிகளை மேம்படுத்தணும்னு ஒரு நெறி அதில் இருக்கு. வசனம் தெளிவா கேட்கிற ஒரு ஆப்ஷனைத் தமிழ்ப் படங்களுக்கும் கொடுங்கன்னு கேட்க, அது ஒரு நல்ல பிடி.

கலிஃபோர்னியா செஞ்சதில் ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. படத்தைவிட விளம்பரம் சத்தமா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அளக்கும் முறை 2006-லேயே வந்துடுச்சு. கலிஃபோர்னியாவுக்காகத் தளங்கள் செய்யுற மாற்றத்தை இந்தியாவுக்கும் செய்யச் சொல்றதில் தொழில்நுட்பத் தடை பெரிசா இருக்கப் போறதில்லை. கேட்கத்தான் ஆள் வேணும்.

அதுவரைக்கும் நீங்க என்ன செய்யலாம்?

* யூடியூப்பில் வீடியோ ஓடும்போது கியர் ஐகானைத் தொட்டா 'ஸ்டேபிள் வால்யூம்' இருக்கும். செய்தி, பாட்காஸ்ட், கிளாஸ் வீடியோவுக்கு ஆன். கச்சேரிக்கும் நல்ல படத்துக்கும், அமைதியான இடத்தில் இருந்தா ஆஃப்.

* யூடியூப் உங்க வீடியோவை எவ்வளவு இறக்கியிருக்குன்னு பார்க்க ஆசையா? 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' ஆன் பண்ணுங்க. வால்யூம் வரியில் 'கன்டென்ட் லவுட்னெஸ்' 6 டெசிபல்னு காட்டினா, அது பாதிக்குக் குறைச்சு ஓட்டுதுன்னு அர்த்தம். ரீல்ஸ், வீடியோ எடிட் பண்றவங்க கட்டாயம் பாருங்க. சத்தமா ஏத்தி எக்ஸ்போர்ட் பண்றதில் லாபமே இல்லைன்னு புரியும்.

* ஸ்பாட்டிஃபை செட்டிங்ஸில் வால்யூம் சமன் வசதிக்கு மூணு அளவு இருக்கு. 'லவுட்' வேண்டாம். 'நார்மல்' போதும், ராத்திரிக்கு 'கொயட்'.

* ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி'க்குள்ள 'ரெட்யூஸ் லவுட் ஆடியோ'ன்னு இருக்கு. சாம்சங் போனில் 'மீடியா வால்யூம் லிமிட்'. ஒருதடவை வச்சுட்டா, வால்யூம் அந்த எல்லையைத் தாண்டாது.

* டிவியில் வசனம் கேட்கலைன்னா வால்யூமைத் தொடுறதுக்கு முன்னாடி ஆடியோ ஆப்ஷனைப் பாருங்க. 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குன்னு வரும். உங்க டிவியில் அந்த நடு ஸ்பீக்கர் இல்லைன்னா, ஸ்டீரியோவே தெளிவா கேட்கலாம்.

* ட்ரெயினில் வால்யூமை ஏத்துறதைவிட, காதை நல்லா அடைக்கும் இயர்போன் வாங்குறது புத்திசாலித்தனம். வெளிச்சத்தம் குறைஞ்சா உள்ளே குறைவா வச்சாலே கேட்கும். ஆனா தண்டவாளம் கிராஸ் பண்ணும்போது கழட்டிடுங்க, ப்ளீஸ்.

* விளம்பரம் அலறினா மியூட் பண்ணிட்டு மறந்துடாதீங்க. எந்த நிகழ்ச்சி, எந்த விளம்பரம், எத்தனை மணின்னு குறிச்சு ஆப்பிலேயே புகார் போடுங்க. அந்த அமெரிக்கச் சட்டமும் ஒரு வீட்டில் ஒரு அப்பாவுக்கு வந்த எரிச்சலில் ஆரம்பிச்சதுதான்.

அக்கா வீட்டுக் குட்டிக்கு இப்போ ஒரு வயசு ஆகப்போகுது. ராத்திரி நான் போனை எடுத்தாலே அக்கா முறைக்கிறா. லிமிட் போட்டிருக்கேன்னு ஸ்க்ரீனைக் காட்டினேன். "விளம்பரக்காரன் போட வேண்டிய லிமிட்டை நீ எதுக்குடா போடுற?"ன்னு கேட்டா.

என்கிட்ட பதில் இல்லை.